ஒரே லைனில் ஆறு ஊர்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் அன்று ஏழாம் தேதி, சனிக்கிழமையும்கூட. பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு வாரக் கூலியும், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கு மாதச் சம்பளமும் ஒரே நாளில் வந்து விழுந்தது. மாலை ஐந்தே கால் இருக்கும். மூன்றாவது லைனில், அதாவது மூன்றாவது மெஷின் வரிசையில், சத்தம் திடீரென்று பாதியாகக் குறைந்தது. எட்டிப் பார்த்தேன். ஒடிசாப் பெண்கள் 14 பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துணி பாதித் தையலில் ஊசிக்கடியில் கிடந்தது.

லைன் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "மேடம், ஒடிசாக்காரங்க ஸ்டிரைக் பண்றாங்க. என்னன்னு கேட்டா ஒருத்தியும் வாயத் திறக்க மாட்டேங்குறா."

பக்கத்தில் செக்கிங் டேபிளில் உள்ளூர் அக்காமார்கள் ஆறு பேர். அவர்களுக்கு பீஸ் கணக்கு. அவர்களில் ஒருவர் சொன்னார்: "அவங்க பீஸ் இறக்குனாத்தானுங்க எங்களுக்கு வேலை. இப்படி உட்கார்ந்துக்கிட்டா எங்க கூலிக்கு யாருங்க பதில் சொல்றது? எப்பப் பாத்தாலும் இந்த வடக்கத்தியாளுங்களோட இதே ரோதனை."

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். பதில் இல்லை. அயர்னிங்கில் இருந்த பீகார்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு கேட்கச் சொன்னேன். அவர் நீளமாக ஏதோ பேசினார். அந்தப் பெண்கள் இன்னும் தலையைக் குனிந்துகொண்டார்கள். "சம்பளம் பத்தலையாம் மேடம்" என்று ஒரே வரியில் முடித்தார். ஷிப்மெண்ட் செவ்வாய்க்கிழமை. எனக்குக் கோபம் வந்தது. வேலை செய்ய இஷ்டமில்லை என்றால் ஹாஸ்டலுக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் எழுந்து, விளக்கை அணைத்துவிட்டு, வரிசையாகப் போனார்கள்.

மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனேன். அங்கே சமையல் செய்யும் அம்மா ஒடிசாவின் பெர்ஹாம்பூர்ப் பக்கத்துக்காரர். எட்டு வருடம் திருப்பூரில் இருப்பவர், தமிழ் நன்றாக வரும். அவர் மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. அந்த லைனில் இரண்டு பெண்களுக்கு ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர். கணக்கு எழுதும் ரைட்டர் ஒருத்தியின் ஓவர்டைமை இன்னொருத்தியின் கணக்கில் ஏற்றிவிட்டார். 26 மணி நேரம். அந்தப் பெண் சூப்பர்வைசரிடம் சீட்டைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில்: "உங்களுக்கெல்லாம் ஒரே பேருதானே, உங்களுக்குள்ளயே பங்கு போட்டுக்கங்க." அவளுக்கு வார்த்தை முழுதாகப் புரியவில்லை. அவர் சிரித்தது புரிந்தது. அதற்குத்தான் 14 பேரும் உட்கார்ந்தார்கள்.

நான் கூப்பிட்ட பீகார்க்காரர் அவர்களிடம் என்ன சொன்னார் என்றும் கேட்டேன். "ஊருக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க, பேசாம தைங்க" என்றாராம். அவர் ஆள் கூட்டி வரும் கான்ட்ராக்டரின் சொந்தக்காரர் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த 26 மணி நேரத்துக்குப் பணம் திங்கட்கிழமை காலையிலேயே போய்விட்டது. சூப்பர்வைசர் லைன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். ஆனால் "ஹாஸ்டலுக்குப் போகச் சொல்லுங்கள்" என்று நான் சொன்னபோது அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இத்தனை வருடம் கழித்தும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் திருப்பூருக்கு வந்தது 2008-ல், கம்பம் பக்கத்திலிருந்து. அப்போது எங்களை இங்கே தெக்கத்தியாளுங்க என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "எந்த ஊருங்க?", இரண்டாவது கேள்வி "என்ன ஆளுங்க?". இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு வீடு காலியில்லாமல் போனது மூன்று முறை. அதனால், எல்லோரும் தமிழ் பேசிய காலத்தில் கம்பெனிகளில் பேதமே இல்லாமல் இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்பாது. சாப்பாட்டு ஹாலில் யார் யாருடன் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தே ஊரையும் சாதியையும் சொல்லிவிடலாம். வடக்கிலிருந்து ஆட்கள் வந்ததும் அந்தப் பழைய கோடுகள் அழியவில்லை. மேலே இன்னொரு கோடு விழுந்தது.

தன்பாத் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நிற்கும் நேரத்தில் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் தெரியும். பையும் பக்கெட்டும் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களை ஊர் ஒரே சொல்லில் இந்திக்காரங்க என்கிறது. எங்கள் ஃப்ளோரில் உள்ள சுமார் 340 பேரில் ஒடியா பேசுபவர்கள் இருக்கிறார்கள், போஜ்புரி, வங்காளி, அசாமி, நேபாளி பேசுபவர்கள் இருக்கிறார்கள். ஒடிசாவின் உள் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள் பலருக்கு இந்தி எனக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது. நாங்கள் பையர் ஆடிட்டுக்காக, அதாவது எங்களிடம் துணி வாங்குகிறவர்கள் நடத்தும் சோதனைக்காக, சுவர் முழுக்க இந்தியில் அறிவிப்பு ஒட்டி வைத்திருந்தோம். ஆடிட்டர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார். வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது சுவரில் ஒட்டிய காகிதம், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதலில் கைவைத்தது சம்பளச் சீட்டில். ஆங்கிலத்தில் 19 வரி இருந்த சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொழிலாளிக்குத் தெரிய வேண்டியதை மட்டும் ஆறு வரியாக்கினோம்: எத்தனை நாள் வேலை, எத்தனை மணி ஓவர்டைம், அதற்கு என்ன ரேட், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), மெஸ். தமிழ், ஒடியா, இந்தி, வங்காளியில் அச்சடித்தோம். பெயரோடு அப்பா பெயரும் ஊரும் டோக்கன் நம்பரும் வந்தது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. அந்த வரியைத் தன் மொழியில் முதல்முறை படித்தவர்கள் நிறையப் பேர், தமிழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பிடித்தம்தான் பெரிய சந்தேகம். பி.எஃப்-க்கு 12 சதவீதமும் இ.எஸ்.ஐ-க்கு 0.75 சதவீதமும் போகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. கிராமத்தில் ஏஜென்ட் ஒரு தொகை சொல்லியிருப்பார், கைக்கு வேறு தொகை வரும். நடுவில் இருப்பது சூப்பர்வைசர், அதனால் அவர்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கோ இவர்கள் ஏன் தன்னை முறைக்கிறார்கள் என்று புரியாது. இப்படியே ஆறு மாதம் போனால், ஒரு நாள் பாத்ரூம் பக்கம் கைகலப்பு வரும். ஊர் அதற்கு மொழிச் சண்டை என்று பெயர் வைக்கும். இத்தனை வருடத்தில் என்னிடம் வடக்கு தெற்கு என்று வந்த சச்சரவுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு கணக்கு இருந்தது. யாருக்கு நல்ல பண்டில் போகிறது, யாருக்குக் கஷ்டமான காலர் பீஸ் போகிறது, டேமேஜ் யார் தலையில் எழுதப்படுகிறது, ஓவர்டைமுக்கு யாரை நிறுத்துகிறார்கள். இதைச் சரிசெய்யாமல் ஒற்றுமை பற்றிக் கூட்டம் போட்டுப் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

பி.எஃப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வடக்கிலிருந்து வரும் ஒரு பெண்ணின் பெயருக்குப் பின்னால் கல்யாணத்துக்கு முன் 'குமாரி' என்று இருக்கும், கல்யாணத்துக்குப் பின் அது 'தேவி' ஆகிவிடும். ஆதாரில் ஒரு பெயர், பி.எஃப் கணக்கில் ஒரு பெயர். ஊருக்குப் போய்ப் பணம் எடுக்க விண்ணப்பித்தால் நிராகரித்துத் திரும்பி வரும். 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்து அவர் யாரைக் கேட்பார்? வேலைக்குச் சேரும் அன்றே ஆதாரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிவதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும்.

அடுத்தது மொழி பெயர்ப்பவர். ஏஜென்டின் ஆளையோ, சூப்பர்வைசருக்குக் கைகட்டி நிற்பவரையோ வைத்து ஒரு பெண்ணிடம் விசாரிக்கவே கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது லைனுக்கு ஒருவர் என்று தொழிலாளிகளே தேர்ந்தெடுத்த ஆட்கள் இருக்கிறார்கள், பெண்களுக்குப் பெண்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் புகார்க் குழு இருக்க வேண்டும். எங்களிடமும் இருந்தது, தமிழில் மட்டும். புகார்ப் பெட்டியில் ஒரு சீட்டுகூட விழாததைப் பிரச்சினையே இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். குழுவில் ஒடியா பேசும் ஒரு பெண்ணைச் சேர்த்த மூன்றாவது வாரத்தில் முதல் புகார் வந்தது. அதன் விவரத்தை எழுதுவது முறையில்லை. அந்த ஆள் இப்போது எங்கள் கம்பெனியில் இல்லை.

வார்த்தைகள் சின்னச் சின்னதாக இடறுவதும் உண்டு. இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், 'கல்'. லீவு கேட்ட பையன் நாளைக்கு என்று சொன்னதை நேற்று வராததற்குக் காரணம் சொல்கிறான் என்று எழுதிக்கொண்டு, மறுநாள் ஆப்சென்ட் போட்ட கதை எல்லாக் கம்பெனியிலும் நடந்திருக்கும். இதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இப்போது செக்கிங் அக்காமார்களே ஒடியாப் பெண்களுக்கு 'ஹௌ' என்றுதான் பதில் சொல்கிறார்கள். சரி என்று அர்த்தம்.

பழகினாலும் சரியாகாதது பயம். பனியன் கம்பெனியில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். குழந்தைத் துணியில் ஒரு துண்டு மாட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் மெட்டல் டிடெக்டரில் ஒரு பெட்டி கத்தியது. பிரித்துப் பார்த்தால் கை மடிப்புக்குள் ஊசி முனை, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. தைத்தவள் ஜார்கண்டிலிருந்து வந்து 20 நாள் ஆன பெண். அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். நகத்தை ஒட்டி ஊசி இறங்கிய ஓட்டை, சுற்றிலும் வீங்கிக் கறுத்திருந்தது. இரண்டு நாளாக அந்த விரலோடுதான் ஓவர்லாக் மெஷின் ஓட்டியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது அவள் சொன்னது இதுதான். சேர்ந்த முதல் வாரத்தில் பக்கத்து மெஷினில் ஊசி உடைந்தது, சூப்பர்வைசர் அந்த அக்காவைப் பார்த்துக் கத்தினார். அந்த அக்கா தமிழ். அவர் திட்டியது ஊசியை நோட்டில் ஒட்டாததற்காக. இவளுக்கு அந்த வார்த்தை தெரியாது. ஊசி உடைந்தால் திட்டுவார்கள், காசு பிடிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டாள். தன் சொந்தக் காசில் கடையில் ஊசி வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃப்ளோரில் கத்தக்கூடாது என்ற விதி அன்றைக்கு வந்தது. மரியாதைக்காக மட்டும் வந்த விதி இல்லை அது. மொழி தெரியாதவருக்கு நம் குரல்தான் வார்த்தை. அதைத்தான் அவர் சட்டமாக எடுத்துக்கொள்வார்.

உள்ளூர்க்காரர்களின் மனக்குறையையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பவர் டேபிள் தையல் பிரிவில் 30 வருடமாகத் தைக்கும் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார்: "நாங்க எட்டு மணி நேரத்துக்குக் கேக்குற காசுக்கு அவங்க பன்னெண்டு மணி நேரம் தைக்கிறாங்கம்மா. அப்புறம் எங்களை எதுக்கு வெச்சுக்குவாங்க?" அவரை வெறுப்பு பேசுகிறவர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. அவர் பயம் நியாயமானது. திருப்பூரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து சில வருடங்களுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் போடுகின்றன. அப்படி ஒன்று இருப்பதே வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. தெரியாதவருக்குக் குறைத்துக் கொடுக்கலாம். குறைவாக வாங்க ஒருவர் இருக்கிறார் என்றால், தெரிந்தவரின் கூலியும் ஏறாது. அந்த ஒப்பந்த ரேட்டை ஒடியாவில் எழுதி ஒட்டுவதால் அந்த அண்ணனுக்குத்தான் முதல் பாதுகாப்பு. இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதைப் பெருசா எழுதி ஒட்டுங்க" என்றார்.

2023 மார்ச் மாதத்தை மறக்க முடியாது. வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ, எப்போதோ நடந்தவற்றை எடுத்துத் திருப்பூர், கோவை என்று பெயர் ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவை பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சொன்னது. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து பார்த்தது. ஆனால் பீகாரின் சமஸ்திபூரில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு அறிக்கை எல்லாம் எப்படிப் போய்ச் சேரும்? ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போன் மணி. எங்கள் பையன்கள் சோற்றைப் பிசைந்தபடி "நான் நல்லா இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனின் அம்மா நம்பவே இல்லை. மிரட்டிப் பேச வைக்கிறார்கள் என்று நினைத்து அழுதார். அப்போது செக்கிங்கில் இருந்து ஒரு அக்கா எழுந்து போய், போனை வாங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு தமிழிலேயே பேச ஆரம்பித்தார். "இங்க பாருங்க, உங்க பையன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். நாங்கெல்லாம் இருக்கோம். பயப்படாதீங்க." அந்தப் பக்கம் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. அழுகை நின்றது. ஒடிசாக்காரர்கள் மெஷினை நிறுத்திய அன்று "இதே ரோதனை" என்று சொன்னவரும் இந்த அக்காதான்.

ஹோலி அந்த வருடம் மார்ச் 8. முன்பே டிக்கெட் எடுத்தவர்கள் போனார்கள். திரும்பி வருவார்களா என்று முதலாளி தினமும் கேட்டார். பெரும்பாலானவர்கள் வந்தார்கள்.

பண்டிகை விஷயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக ஐந்து நாள் பண்டிகை விடுமுறை. அந்த ஐந்தும் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்றே போய்விடும். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு தேனிக்கும் மதுரைக்கும் கிளம்புகிறவர்களுக்குப் பத்து நாள் ஆனாலும் யாரும் கேட்பதில்லை. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு பீகார்க்காரர் லீவு கேட்டால், "இப்பத்தானே லீவு விட்டோம்" என்போம். அவருக்கு சட் பூஜைதான் பெரிய பண்டிகை. இப்போது ஐந்தில் இரண்டை அவரவர் விரும்பிய நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். லைன் காலியாகும் என்று புரொடக்‌ஷனில் சண்டை போட்டார்கள். ஒரே நாளில் மொத்த லைனும் காலியாவதைவிட இது சமாளிக்கக் கூடியது என்று இரண்டு வருடத்தில் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஆனி பிறக்கும்போது ஒடிசாவில் ரஜோ என்று மூன்று நாள் கொண்டாடுவார்கள். பூமிக்கு மாதவிலக்கு, அதனால் ஏர் பூட்டக் கூடாது, பெண்கள் வேலை செய்யக் கூடாது, ஊஞ்சல் கட்டி ஆட வேண்டும். இதை முதலில் கேட்டபோது எங்கள் லைன் அக்கா ஒருவர், "மூணு நாளும் வேலை இல்லையா? நல்ல சாமியா இருக்கே" என்று ஆச்சரியப்பட்டார். மூன்று நாள் விட எங்களால் முடியவில்லை. ஹாஸ்டல் வேம்பில் மெக்கானிக் இரண்டு பேர் ஊஞ்சல் கட்டிக் கொடுத்தார்கள். இரவு எட்டரைக்கு வேலை முடிந்து வந்து, குளித்து, புதுத் துணி உடுத்தி, பதினொரு மணி வரை மாறி மாறி ஆடினார்கள்.

அந்த ஹாஸ்டல் கேட்டைப் பற்றி எனக்குள் ஓர் உறுத்தல் உண்டு. உள்ளூர்ப் பெண்கள் வேலை முடிந்து எங்கே போகிறார்கள் என்று கம்பெனி கேட்பதில்லை. இவர்கள் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் வார்டனோடு, கும்பலாகத்தான் கடைவீதிக்குப் போக முடியும். பாதுகாப்பு என்கிறோம். 22 வயதுப் பெண், தன் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவள், ஒரு ரீசார்ஜ் கடைக்குப் போகக் கையெழுத்துக் கேட்டு நிற்கிறாள். தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை கேட்டைத் திறந்து வைக்கலாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓவர்டைம் இல்லாத நாளில் மட்டும் என்று பாதி இறங்கி வந்திருக்கிறார்கள். நான் விடப் போவதில்லை.

இந்த வாரம் ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். நான் தயாராக வைத்திருந்த ஒடியாச் சீட்டைக் கொடுத்தேன். ஒருத்தி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர்கள் பேசுவது சந்தாலி. 2003-ல் அரசியல் சட்டத்தில் மொழிகளைப் பட்டியலிடும் எட்டாம் அட்டவணையில் இடம் பிடித்த மொழி, ஒல் சிக்கி என்று சொந்த எழுத்தும் உள்ள மொழி. எங்களிடம் அதில் ஒரு வரிகூட இல்லை. ஐந்தாவது லைனில் ஜார்கண்ட் பெண் ஒருத்திக்கு சந்தாலி தெரியும் என்றார்கள். போய்ப் பார்த்தால், ஊசி குத்திய விரலோடு என் முன் நின்ற அதே பெண். இப்போது பேட்லாக் மெஷினில் நல்ல டெய்லர். "ஜோஹார்" என்று அவள் கும்பிட்டதும் புதிதாக வந்த மூவரின் முகமும் மாறியது. ஊசி நோட்டை எடுத்து வரச் சொன்னாள். எப்படித் தேடுவது, எப்படி ஒட்டுவது, யாரிடம் காட்டுவது என்று அவளே விளக்கினாள். முடித்துவிட்டு மெஷினுக்கு ஓடினாள், டார்கெட் போய்விடும் என்று.

அவளைத் திரும்பக் கூப்பிட்டு, அன்றைய புரொடக்‌ஷன் சீட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதிக் காட்டினேன்: மொழி உதவி, 40 நிமிடம், கூலி உண்டு. அவள் படித்துவிட்டு, 40-ஐ விரலால் தொட்டு, "45, தீதி" (அக்கா) என்றாள். திருத்திக் கொடுத்தேன்.